தேதி தப்பிய படம்

விருதுநகர் பஜாரில், ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே பீர் முகைதீனின் ஸ்டுடியோ இருக்கிறது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். அவர் படம் எடுப்பார். மனைவி பைரோஜா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை வெளுப்பாக்கி, பின்னணியை மாற்றி, பிரிண்ட் போட்டுத் தருவாள். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, வளைகாப்பு, கடைத்திறப்பு. ஐம்பத்தொரு வயதுக்கு அவர் பார்த்த பிழைப்பு இதுதான். பெரிய கல்யாணங்களை மதுரையிலிருந்து வருகிறவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் வெளியே சொன்னதில்லை.

அவரிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. பழையது 2009இல் வாங்கியது. பத்து மெகாபிக்சல். வீடியோ எடுக்காது. பின்னால் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை. வெயிலில் அதில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்தால் படம் முழுக்க ரவை தூவியதுபோல் புள்ளி விழும். புதியது கொரோனா முடிந்தபின் வந்தது. அதுவும் அதே வகையில் ஆரம்ப விலைக் கேமராதான். ஆனாலும் இருபத்துநாலு மெகாபிக்சல், வீடியோ, போனோடு தானாகப் பேசிக்கொள்ளும் வசதி. மங்கலான மண்டபத்தில்கூட விளக்கில்லாமல் எடுக்கலாம். சேலைக் கரையின் சரிகை நூல் தனித்தனியாகத் தெரியும். ஒரே விரல், ஒரே கண். ஆனால் இரண்டிலும் எடுத்த படத்தைப் பக்கம் பக்கமாக வைத்தால் இரண்டு வேறு ஆட்கள் எடுத்ததுபோல இருக்கும்.

பழையதில் இன்னொரு குறையும் இருந்தது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜ் போடுவதற்காகப் பெரிய பேட்டரியைக் கழற்றினால் போதும், கேமராவின் தேதி 2008ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். மதுரையில் கொண்டுபோய்க் காட்டியபோது, "இதுக்கெல்லாம் இப்ப சாமான் வர்றதில்ல பாய்" என்று கையை விரித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கி அமுக்கித் தேதி வைக்க வேண்டும். முதலில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். யார் படத்தில் தேதி கேட்கிறார்கள்?

2024ஆம் வருஷ ஆயுத பூஜைக்கு அவருக்கு இரண்டு ஆர்டர் வந்தன. ஒன்று சிவகாசியில் ஒரு பெரிய அச்சகம். புதிதாக இறக்கிய நாலு கலர் மெஷினுக்குப் பூஜை, வீடியோவும் வேண்டும். இன்னொன்று எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. அலுவலகத்தில் சாமி படத்துக்கு முன்னால் வேலையாட்களை நிறுத்தி நாலைந்து படம் எடுத்தால் போதும். மச்சினன் ஜாபர் சாதிக் புதுக் கேமராவோடு அச்சகத்துக்குப் போனான். பீர் முகைதீன் பழையதை எடுத்துக்கொண்டு பட்டாசு ஆலைக்குப் போனார். அப்போது அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆலை வாசலிலேயே போர்மன் ராஜபாண்டியன் சொல்லிவிட்டார்: "பாய், போனை வாட்ச்மேன்கிட்ட குடுத்துருங்க. உள்ள ப்ளாஷ் அடிக்கக் கூடாது. ஆபீஸ விட்டு அங்கிட்டு ஒரு அடி போகக் கூடாது."

அலுவலகம் தகரக் கூரை போட்ட நீளமான அறை. ஒரே ஒரு ஜன்னல். பெண்கள் ஒன்பது பேர் புதுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து வரிசையாக நின்றார்கள். பின்னால் சுவரில் நாள் கிழிக்கும் காலண்டர் தொங்கியது. ப்ளாஷ் இல்லாததால் பழைய கேமராவின் ஒளி உணர்வை அதன் எல்லை வரைக்கும் ஏற்றிவைத்து, மூச்சை அடக்கி எடுத்தார். இடமிருந்து மூன்றாவதாக நின்ற பெண் சிரித்துக்கொண்டே கை உயர்த்தினாள்.

"அண்ணே, நான் கண்ண மூடிட்டேன். இன்னொன்னு எடுங்க."

இன்னொன்று எடுத்தார். பொரிகடலை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆலைக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததோடு அந்த வேலை முடிந்தது.

அடுத்த பங்குனியில் அந்த ஆலை வெடித்தது. காலை பத்தரை மணிக்கு மருந்து கலக்கும் அறையில் தொடங்கி, பக்கத்து மூன்று அறைகள் தரைமட்டமாயின. ஆறு பேர் அங்கேயே போனார்கள். ஏழாவதாக ஒரு பெண் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள்.

அந்த ஏழாவது பெண்ணின் கணவன் சித்திரை மாதம் ஒரு நண்பகலில் ஸ்டுடியோவுக்கு வந்தான். பெயர் பலவேசம். லாரியில் லோடு ஏற்றும் வேலை. படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

"புதுப்பட்டியில போன ஆயுத பூஜைக்குப் போட்டோ புடிச்சது நீங்கதானா பாய்?"

"ஆமா. என்னப்பா?"

"எம் பொண்டாட்டி பாண்டிச்செல்வி அந்தப் போட்டோவுல நிக்கா. ரெண்டு வாட்டி எடுத்தாகன்னு வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சா." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு சொன்னான்: "கம்பெனில அவ அங்கன வேலையே பாக்கலங்காக. முந்தி பாத்தா, நின்னு ரெண்டு வருஷமாச்சு, அன்னைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு குடுக்க வந்தா, அம்புட்டுத்தான்னு எழுதிக் குடுத்திருக்காக. ரிஜிஸ்டர்ல பேரில்ல. பேங்குல சம்பளம் போட்டதும் இல்ல, கையிலதான். செத்தவுக பட்டியல்ல ஆறு பேருதான் இருக்கு. இவ பேரு இல்ல."

பைரோஜா கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தாள். 'ஆயுத பூஜை 2024' என்று அவளே பெயர் வைத்த போல்டர் இருந்தது. திறந்தாள். இரண்டு படங்களும் இருந்தன. முதலாவதில் கண் மூடியபடி, இரண்டாவதில் வாய் நிறையச் சிரிப்போடு, மூன்றாவதாகப் பாண்டிச்செல்வி.

பலவேசம் திரைக்கு அருகே வந்து குனிந்து பார்த்தான். "இவதான்" என்றான். "இவதான் பாய்." முதல் தடவையாக உட்கார்ந்தான்.

பீர் முகைதீனுக்கு அன்று இருந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல. படத்தைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கெட்டி உறையில் வைத்து, நஷ்டஈட்டு விசாரணை நாளன்று அவனோடு சிவகாசிக்குத் தானே பஸ் ஏறினார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். பொறுமையானவர். படத்தை நேரம் எடுத்துப் பார்த்தார். "இது அந்த ஆலை அலுவலகம்தான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "ஒரிஜினல் பைல் இருக்கா?" என்றார். பென்டிரைவைக் கொடுத்தார் பீர் முகைதீன். உதவியாளர் அதைத் திறந்து, படத்தின் விவரங்களைச் சொடுக்கினார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. எடுத்த நாள்: 2008, ஜனவரி 1.

"மேடம், அது கேமராவோட கோளாறு" என்று எழுந்து நின்றார் பீர் முகைதீன். "உள்ள இருக்குற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. பேட்டரியக் கழட்டி மாட்டுனா அந்தத் தேதிக்குப் போயிரும். நான் அந்தக் கேமராவ வாங்குனதே ரெண்டாயிரத்து ஒம்பதுலதான்."

ஆலைத் தரப்பு வக்கீல் சின்ன வயதுக்காரர். கோபப்படவே இல்லை. "அப்போ அந்தத் தேதி தப்புன்னு நீங்களே சொல்றீங்க, இல்லையா பாய்? சரி. சரியான தேதி எதுன்னு அந்தப் படத்துல எங்க இருக்கு? ரெண்டாயிரத்து இருபத்தொண்ணா இருக்கலாம், இருபத்திரண்டா இருக்கலாம். அந்தம்மா முன்னாடி வேலை பார்த்தாங்கன்னு நாங்களே சொல்லியிருக்கோமே."

"போல்டருக்குப் பேரு இருபத்துநாலுன்னு இருக்கே."

"பேரை நேத்துக்கூட மாத்தலாம்."

அது உண்மைதான். தை மாதத்தில் கம்ப்யூட்டர் கெட்டு, எல்லாப் படங்களையும் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தார்கள். கம்ப்யூட்டர் காட்டியதும் மாற்றிய நாளைத்தான். ஆலைக்குக் கொடுத்த பிரிண்டுகள் எங்கே என்று கேட்டதற்கு, வெடி விபத்தில் அலுவலகமும் சேதமாகிவிட்டது என்றார்கள்.

அடுத்த விசாரணைக்குள் ஏதாவது செய்யலாம் என்று ஸ்டுடியோவுக்கு வந்தார். பின்னால் தொங்கிய காலண்டர் நினைவுக்கு வந்தது. பைரோஜா அதைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எண் இருக்கும் இடம் சாம்பல் கட்டங்களாகச் சிதறியது. ஒன்றா, ஏழா, கிழிந்த தாளின் ஓரமா என்று சொல்ல முடியவில்லை. வருஷம் எழுதிய இடம் வெறும் கறை.

பைரோஜா சலிக்காமல் கூர்மையாக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். அது கறையின்மேல் தானாக ஒரு எண்ணை வரைந்தது. ஒருமுறை மூன்று மாதிரி, இன்னொருமுறை எட்டு மாதிரி.

"இத எடுத்துட்டுப் போயிராதீக மச்சான்" என்றாள். "இது நாமளே எழுதுனது மாதிரி."

அவருக்கு மனசு கேட்கவில்லை. புதுக் கேமராவை எடுத்தார். ராத்திரி பஜார் அடங்கியபின், ஒன்றைத் தவிர ஸ்டுடியோ விளக்கையெல்லாம் அணைத்து, அந்த அறை அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, சுவரில் நாள் காலண்டரை மாட்டினார். அன்று எவ்வளவு தூரத்தில் நின்றாரோ அவ்வளவு தூரத்துக்குத் தெருவில் இறங்கி நின்று இரண்டு கேமராவிலும் எடுத்தார். பழையதில் அதே கறை வந்தது. புதியதில் தேதி, கிழமை, வருஷம், எமகண்டம், கீழே அச்சடித்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்க முடிந்தது. பைரோஜா திரையைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. மெஷினுக்குப் புதுசையும் மனுஷருக்குப் பழசையும் அனுப்பியது அவர்தான்.

படத்தில் இருந்த ஒன்பது பேரில் மூன்று பேர் விபத்தில் போய்விட்டார்கள். பாண்டிச்செல்வியோடு சேர்த்தால் நான்கு. மிச்சம் ஐந்து பேர். பலவேசமும் அவரும் வீடு வீடாகப் போனார்கள். நாலு வீட்டில் ஆள் இல்லை என்றார்கள்; அதில் இரண்டு வீட்டில் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. பேச்சியம்மாள் மட்டும் கதவைத் திறந்தாள். படத்தில் பாண்டிச்செல்வியின் தோளில் கை போட்டு நிற்கிறவள் அவள்.

"நான்தான் இது" என்றாள். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். "எப்ப எடுத்தாகன்னு நெனவு இல்லண்ணே."

"போன வருஷம்தானம்மா. நான் வந்தேன்ல, போர்மன் ப்ளாஷ் அடிக்கக் கூடாதுன்னாரே?"

அவள் தரையைப் பார்த்தாள். "அவுகளோட இன்னொரு கம்பெனி இருக்குல்ல, அங்கன என்னைய எடுத்திருக்காக. வீட்டுல ரெண்டு பொட்டப்பிள்ள. எம் புருஷனுக்கும் உடம்பு சரியில்ல." படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பலவேசத்திடம் சொன்னாள்: "அண்ணே, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பலவேசம் வேண்டாம் என்று தலையாட்டினான். திட்டவில்லை. திரும்பி நடக்கையில், "அவளத் தப்பு சொல்ல முடியாது பாய்" என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது விசாரணைக்குப் பீர் முகைதீன் பழைய கேமராவையே கொண்டுபோனார். அதிகாரியின் மேஜைமேல் வைத்து, சரியான தேதி வைத்தார். எல்லோரையும் பார்க்கச் சொன்னார். பேட்டரியைக் கழற்றினார். மாட்டினார். திரையில் 2008 வந்து மினுங்கியது.

"பாத்தீங்களா மேடம்! இதத்தான் சொன்னேன். நான் பொய் சொல்லல."

அதிகாரி கேமராவைக் கையில் வாங்கி, தானும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்தார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கலை, பாய்" என்றார் மெதுவாக. "ஆனா நீங்க இப்ப நிரூபிச்சது, இந்தக் கேமரா தேதியை நம்ப முடியாதுங்கறதைத்தான். அதை அவங்களும் மறுக்கலை."

வக்கீல் தன் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பீர் முகைதீன் கேமராவைப் பைக்குள் வைக்க முயன்றார். பட்டை விரலில் சிக்கிக்கொண்டது. இத்தனை வருஷமாகக் கழுத்தில் மாட்டிய பட்டை. எடுக்கத் தெரியாதவர்போல நின்றார். பலவேசம்தான் அவிழ்த்துவிட்டான்.

ஆனி மாதம் முடிவு வந்தது. படத்தில் இருப்பது பாண்டிச்செல்விதான். இடம் ஆலையின் அலுவலகம்தான். எடுத்த காலம் உறுதிப்படவில்லை. விபத்து நாளில் அவர் அங்கே வேலையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பட்டியலில் ஆறு பெயர்களே நின்றன. தெரிந்த ஒரு யூனியன்காரர் சொல்லி மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒருமுறை வக்கீல் வரவில்லை. ஒருமுறை கோப்பு வரவில்லை. ஒருமுறை இவர்கள் போய்ச் சேரும்முன் வாய்தா கொடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் பீர் முகைதீன் கடையைப் பைரோஜாவிடம் விட்டுவிட்டுக் கூடப் போகிறார். அவர் வரவேண்டிய அவசியம் இல்லை என்று யூனியன்காரர் சொல்லியும் போகிறார். அங்கே அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெஞ்சில் பலவேசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவன் பெயரைக் கூப்பிட்டால் தானும் எழுந்து நிற்பார்.

மூன்றாவது வாய்தா அன்று வெளியே வந்து இருவரும் டீ குடித்தார்கள். பஸ் வர நேரமிருந்தது. பலவேசம் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பாய், ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்காதீக."

"கேளு."

"உங்ககிட்ட இருக்க புது கேமராவுல எடுத்திருந்தா, தேதி சரியா விழுந்திருக்குமா?"

பீர் முகைதீன் இந்தக் கேள்விக்காக ஏழு மாசமாகப் பயந்துகொண்டிருந்தார். ஏதாவது ஒரு பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம். இவனுக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும்?

"விழுந்திருக்கும்" என்றார். "காலண்டரும் தெரிஞ்சிருக்கும்."

பலவேசம் தலையை ஆட்டினான். பிறகு டம்ளரைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, "விருதுநகர் வண்டி வந்துருச்சு பாய், ஏறுங்க" என்றான். அவன் போக வேண்டியது வேறு பஸ். இவர் ஏறி உட்காரும் வரைக்கும் கீழேயே நின்றான்.