கீறல் விழாத சுருள்வில் சைக்கிள்

இன்று காலை வந்தவர் சேலத்துக்காரர். பழைய, விசித்திரமான வண்டிகளைத் தேடித்தேடி வாங்கி வைப்பவராம். என் சைக்கிளின் சீட்டில் கைவைத்து அழுத்தினார். அடியிலிருந்த இரண்டு சுருள்வில்களும் அமுங்கி எழும்பின. "ஒரு கீறல் இல்லீங்களே! ஓட்டவே இல்லீங்களாட்ட இருக்குது" என்று பூரித்துப்போனார். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்பு, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கியது. பெடலுக்குப் பின்னால் கீல் வைத்து, குழியில் விழுந்தால் அந்தச் சுருள்வில்கள் அமுங்கி, பின்சக்கரம் மட்டும் தனியாக ஏறி இறங்கும்படி செய்திருந்தார்கள். கீல் தேய்ந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காது என்று திருச்செங்கோட்டுச் சைக்கிள் கடைக்காரர் பயமுறுத்தினார். ஓட்டாமல் வைத்திருக்க அது எனக்கு நல்ல சாக்காயிற்று. எண்ணெய் போட்டுத் துடைத்து முன்னறையில் நிறுத்தி, வருகிறவர்களையெல்லாம் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். அதன் அருமை உண்மையில் தெரிந்தவர் எங்களூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான். ஒரே ஒரு தரம் இரவல் வாங்கி, கல்லும் குழியுமான வண்டித்தடத்தில் ஐந்து மைல் மருந்துப் பாட்டில்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "ஒண்ணுகூட ஒடையலீங்க தம்பி. இது சும்மா பாக்கறதுக்குச் செஞ்ச வண்டியில்லீங்க" என்றார். நான் சக்கரத்துச் சேற்றைத்தான் பார்த்தேன்.

ஆயுத பூஜையன்று காலை அவர் ஓடிவந்தார். அதே தடத்தின் கோடியிலிருந்த ஊரில் அவருடைய அக்காவுக்குக் காலரா. டாக்டர் அங்கே காத்திருந்தார். உடம்பில் ஏற்றும் உப்புநீர் ஆஸ்பத்திரியில் இரண்டே பாட்டில் மீதி. "ஏனுங்க தம்பி, உங்க ஊட்டு வண்டியக் குடுங்க. என் வண்டியில போனா ஒடைஞ்சிருமுங்க." சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். "காலையில நானே கொண்டாந்து தாரேனுங்க" என்றேன். அவர் பாட்டில்களை வைக்கோலில் சுற்றிக்கொண்டு தன் சைக்கிளிலேயே போனார்.

மத்தியானம் தாசில்தார் வந்தார். சைக்கிளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாராம். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரை ஏற்றி வாசலில் சுற்றவிட்டேன். மூன்றாவது சுற்றில் தெருவில் கம்பவுண்டர் நின்றார். கோணிப்போன முன்சக்கரத்தைத் தூக்கியபடி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கேரியரில் வைக்கோல் நனைந்திருந்தது. என்னையும் தாசில்தாரையும் பார்த்தார்.

"ஸ்பிரிங்கு நல்லா அமுங்குதுங்களா தம்பி?" என்றார்.

நான் பதறிப்போய், "இப்ப எடுத்துக்குங்க" என்றேன். "ஏத்தறதுக்கு இனி என்ன இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அக்கா போய்விட்டாள். மாற்றலாகிப் போகும்வரை கம்பவுண்டர் என்னை எங்கே கண்டாலும் மரியாதையாகக் கும்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை. வழக்கத்துக்காகத்தான் மறுத்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

சேலத்துக்காரர் கிளம்பும்போது மறுபடி சீட்டை அழுத்தினார். "இன்னமும் நல்லா அமுங்குதுங்களே!" என்றார்.

கம்பவுண்டருக்கு அன்று சொல்லாத பதிலை அவரிடம் சொன்னேன்.

"ஆமாங்க. நல்லாவே அமுங்குது."