அஜோன் பானையில் முதல் வாய்

அமோங்கினுக்குப் புருஷன் மேல் துளி நம்பிக்கை கிடையாது. ஒமோடிங் குடியை விட்டு வருஷமாகப் போகிறது என்று கூமி வட்டாரமே மெச்சியது. மெச்சியவர்களில் யாராவது அவனோடு குடும்பம் நடத்தியதுண்டா? போதையில் அவளுடைய ஆட்டை விற்றவன், பெற்ற மகள் அக்வாங்கைப் பள்ளி வாசலில் வைத்து வைதவன். இப்போது தண்ணீர் சுமந்து வருகிறான், வைதாலும் சிரிக்கிறான். அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. முன்பெல்லாம் பொய் சொல்லும்போதுதான் அவன் இவ்வளவு சாதுவாக இருப்பான். அதனால் சட்டையை மோந்தாள், தானியக் குதிருக்குள் துழாவினாள், சாராயம் விற்பவளிடம் போய்த் துருவினாள்.

இந்த லட்சணத்தில் அக்வாங்குக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாமரத்தடியில் கேழ்வரகைப் புளிக்கவைத்த அஜோன் மதுப் பானையை நடுவில் வைத்து, உறிஞ்சிக் குடிக்க நீளக் குழல்களைப் போட்டாயிற்று. பெண்ணைப் பெற்றவன் முதல் வாய் உறிஞ்ச வேண்டும். பானையில் விஷமில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

‘வருஷம் பூரா இதுக்குத்தானே காத்துக் கிடந்தே, பாவி’ என்று கறுவிக்கொண்டே அமோங்கின் வழக்கப்படி பானையில் வெந்நீர் ஊற்றினாள். கண் மட்டும் அவன் தொண்டையிலேயே இருந்தது.

ஒமோடிங் குழலை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை.

“என்ன சம்பந்தி, பானையில ஏதாவது கெடக்கா? நீங்களே தொட மாட்டேங்கிறீங்க!” என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஓக்வலிங்கா. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒருவர் எழுந்தே விட்டார். சமையல் குடிசை வாசலில் அக்வாங்கின் முகம் செத்துப்போயிருந்தது.

“பானையில ஒண்ணுமில்ல சம்பந்தி. கோளாறு என்கிட்டதான். நான் குடிகாரன். ஒரு வாய் உள்ள போச்சுன்னா நிறுத்த மாட்டேன்.”

“குடிகாரன் குடிக்க மாட்டேங்கிறானா? நல்ல கதையா இருக்கே!” ஓக்வலிங்கா அமோங்கின் பக்கம் திரும்பினார். “சம்பந்தியம்மா, நீங்க சொல்லுங்க. இது நெசமா?”

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் மகள் வாழ்வு போச்சு. ஆமாம் என்று சொல்ல, அவள்தான் இன்றுவரை நம்பியதில்லையே! நினைத்து நினைத்துப் பார்த்தாள். மோந்ததில், துழாவியதில், துருவியதில் ஒரே ஒரு தடவையாவது ஏதாவது அகப்பட்டதா?

“நெசம்தான்,” என்றாள். “நான் தேடாத இடமில்ல. ஒண்ணும் கிடைக்கல. சந்தேகப்படுறதா இருந்தா என் மேல படுங்க, இவரை விடுங்க.”

அவன் கையிலிருந்த குழலை வெடுக்கென்று பிடுங்கி, மூச்சு முட்ட உறிஞ்சினாள்.

ஓக்வலிங்கா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாகவில்லை என்று உறுதியான பிறகு, “சரி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கம்மா,” என்று தன் குழலை எடுத்தார்.

ஒமோடிங் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தான். அது நடிப்பா என்று அமோங்கின் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.