உப்பை வென்ற அத்தை

என் அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்த பேனரில், பெண்ணைவிட நான்தான் பெரிதாக இருந்தேன். மண்டப வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, கையில் கண்ணாடிக் குடுவை, இளித்த வாய். கீழே கொட்டை எழுத்தில் ‘உப்பை வென்ற எங்கள் அத்தையே வருக’. பொன்னேரிப் பக்கம் சினிமாக்காரர்களுக்கு அடுத்தபடி அத்தைகளுக்குத்தான் பேனர் மரியாதை என்றாலும், இது கொஞ்சம் அதிகம். வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

ஏனென்றால் நான் எந்த உப்பையும் வெல்லவில்லை.

திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நெல்லின் செல்களை வளர்ப்பது என் வேலை. விதையிலிருந்து எடுத்த துணுக்கைச் சத்துக்கூழில் வைத்தால், செல்கள் பெருகி வேகவைத்த ரவை மாதிரி மஞ்சளாகக் கொத்துக் கட்டும். அந்தக் கூழில் உப்பைக் கூட்டிக்கொண்டே போவேன். பெரும்பாலானவை கருத்துச் சாகும், சில பிழைக்கும். பிழைத்த செல்லின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே வந்த உப்பை, தனக்குள் இருக்கும் பை போன்ற ஓர் அறையில் தள்ளி அடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும், நாம் வேண்டாத சாமானைப் பரணில் போடுவதுபோல. இந்தச் சூட்சுமம் முழுச் செடிக்கும் வந்துவிட்டால், கடல் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் ஊர்களில் நெல் பிழைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

அண்ணன் நிலம் அப்படிப்பட்ட ஊரில்தான், பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில். மழை வரவேண்டிய மாதத்தில் ஏமாற்றிவிட்டு, பிறகு ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. போர் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கூடுதலாகக் கரிக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அவன் அந்த நிலத்தையும் விடாமல் வைத்திருக்கிறான். ஒருநாள் வீடியோ காலில் குடுவையைக் காட்டி, “அண்ணே, உன் போர் தண்ணிய வுட கரிக்கிற தண்ணி இது. இதுல உயிரோட இருக்குது பாரு” என்று பீற்றிக்கொண்டேன். அவன் அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்தான். பேனரில் இருந்த படம் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. பிழைத்த செல்களிலிருந்து செடிகளை வளர்த்து, தொட்டியில் நட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றினோம். எல்லாம் கருகிப்போயின. குடுவைக்குள் செல்லுக்கு ஏசி அறை வாழ்க்கை. சர்க்கரையை நாங்களே ஊட்டுகிறோம், வெயிலும் காற்றும் கிடையாது. முழுச் செடிக்கு அந்தச் சொகுசு இல்லை. வேர் உறிஞ்சிய தண்ணீர் இலை வழியே ஆவியாகப் போய்விட, உப்பு மட்டும் இலையில் தங்கிவிடும். செல்லுக்குக் கைவந்தது செடிக்குக் கைவரவில்லை. எங்கள் துறையில் இது சகஜம்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் “வேலை போய்க்கினு இருக்குது” என்று மழுப்பினேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

விழாவில் பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். என் பேனருக்குக் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். தூரத்து மாமா ஒருவர், “எங்க நெலத்துக்கும் ரெண்டு கட்டு நாத்து குடும்மா” என்று கேட்டார். “பாக்கலாம் மாமா” என்று சொல்லிவிட்டுப் பாயசம் குடித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என்னை பைக்கில் ஏற்றி நிலத்துக்கு அழைத்துப்போனான். சுற்றிலும் மற்றவர்களுடைய நாற்றங்கால்கள் ஜாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றன. அவனுடையது மட்டும் சேறு கலக்கி, மட்டம் தட்டி, வரப்புச் செதுக்கி, வெறுமையாகக் கிடந்தது.

“நீ எப்ப எடுத்தாந்தாலும் ரெடி. உன் நெல்லுக்குன்னே காலியா வுட்டு வெச்சிருக்கேன்” என்றான்.

“அண்ணே, அது செத்துடிச்சி.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “எப்ப?”

“போன மாசம்.”

அவன் பக்கத்து வயல் நாற்றைப் பார்த்தான். “அப்பவே சொல்லியிருந்தா வெத வுட்டிருப்பேனேம்மா” என்றான். அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது தீர்த்திருப்பேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இனி விதைத்தால் பருவம் தப்பிவிடும் என்பதால், அந்தச் சம்பாவுக்கு அண்ணன் மற்றவர்கள் நட்டு மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி ஒரு மூலையில் மட்டும் நட்டான். மீதி நிலம் தரிசாகக் கிடந்தது. பேனரை மழைக்காக மாட்டுக் கொட்டகைமேல் கட்டினார்கள். உள்ளே நின்று அண்ணாந்தால் நான் இளிக்கிறேன். பாவம், அந்த மாடு இதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு புதிதாக வேறு செல்களைத் தேர்ந்தெடுத்துச் செடியாக்கினோம். இந்த முறை ஆய்வக உப்பைக் கரைத்து ஊற்றாமல், வயலுக்குப் பாயும் தண்ணீரையே ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். போர் தண்ணீரைக் கேனில் பிடித்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரல் வந்து, திருவள்ளூர் ரயில் மாறி, அவனே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கேனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

“இந்த தபா செத்தா அன்னிக்கே சொல்லிடு, இன்னா?”

“நைனா மேல சத்தியமா சொல்றேன்ணே.”

“நைனாவ இன்னாத்துக்கு நடுவுல இஸ்க்குற? சொல்லு, போதும்.”

இப்போது அடுத்த சம்பா வந்துவிட்டது. இன்று காலை செடிகளைப் பார்த்தேன், இலை நுனிகள் பழுப்பேறியிருந்தன. போனை எடுத்தேன். அண்ணன் ஷிஃப்டில் இருப்பான், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று மேஜைமேல் வைத்துவிட்டேன். வைத்த மறுநிமிஷமே என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. மறுபடி எடுத்து அழைத்தேன். அவன் பின்னால் இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

“அண்ணே, நுனி கருகுது. இந்த தபாவும் தேறாது போலருக்குது.”

“சரிம்மா, வுடு. ஊட்டுக்குப் போனதும் வெதைய ஊறப்போட்டுடறேன்” என்றான்.

இத்தனை நாளும் அவன் ஊறப்போடாமல் எனக்காகக் காத்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.