ஏழு குடம் தண்ணீரும் ஒரு பெட்ரோல் டேங்கும்

என் கொழுந்தனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர் கம்பம் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்ததும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "எங்கள் வீட்டில் கார் இருக்கிறது. தண்ணீருக்கும் குறைவில்லை." முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது சுத்தப் பொய். அப்போதே அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். பரீட்சைத் தாள் திருத்துகிற மும்முரத்தில் சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

அறுபதுகளில் திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுப்பதென்றால் வெளியூர்க்காரர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள். எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். வருகிற நேரம் அதற்கே தெரியாது. கோடையில் வீட்டுக் கிணறும் வற்றிவிடும். முன்பு வந்த ஒரு சம்பந்தத்தில் பெண்ணின் தாய்மாமன் சாப்பிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார். என் மாமியார் அரை டம்ளர் கொடுத்தார். அந்த மாமன் டம்ளரைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்கடுத்த சம்பந்தமும் இதே மாதிரிதான் போனது.

கொழுந்தனுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. சுருட்டுக் கம்பெனியில் வேலை. வாய் திறந்து எதையும் கேட்கத் தெரியாத பிள்ளை. நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து குழாயடி வரிசையில் என் குடத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றவன் அவன்தான். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று தெருவே சிரித்தது, அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு இந்தத் தடவையாவது கலியாணம் கூடிவர வேண்டுமென்று மாதாவிடம் நான் நேர்ந்துகொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா கம்பம் பக்கத்தில் ரைஸ்மில் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு அவரும் அவருடைய அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்குவதாகப் பதில் வந்தது. கடிதத்தில் கார் என்று எழுதிவிட்டோமே, காரில்தானே அழைத்து வர வேண்டும்? அங்கேதான் வந்தது வினை.

அந்தக் காரைச் சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து எங்கள் வீட்டுக்காரர் வாங்கியிருந்தார். கறுப்புக் கார். மலையில் ஏறி இறங்கி அதன் எலும்பெல்லாம் கழன்றுபோயிருந்தது. பின்பக்கத்து பெட்ரோல் டேங்கின் அடியில் தகடு சேரும் தையலில் ஒரு கசிவு. நிறுத்திய இடமெல்லாம் சொட்டு விழும். எங்கள் வீட்டுக்காரருக்கு உலகத்தில் தெரியாத வேலையே கிடையாது என்பது அவருடைய எண்ணம். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, உருட்டிப் பிசைந்து ஓட்டையில் அப்பினார். "மாதாவுக்கு ஏத்துன மெழுகு, அசையாது பாரு" என்றார். பெட்ரோலில் மெழுகு கரையும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பாடம் நடத்துகிறவள் நான். வீட்டில் யார் கேட்டார்கள்? இரண்டு நாளில் மெழுகு போன இடம் தெரியவில்லை. அடுத்து சலவைச் சோப்பை வெல்லத்தோடு பிசைந்து அடைத்தார். அது நின்றது. கார் நிற்கிறவரைக்கும் அதுவும் நின்றது. கார் ஓடியதும் அது ரோட்டில் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் பேகம்பூரிலிருந்து ஈயம் பத்தவைக்கிற பாயை அழைத்துவந்தார். பாய் தங்கமான மனிதர். எங்கள் வீட்டு அண்டா குண்டா எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். கொல்லையில் காரை நிறுத்தி, பெட்ரோலை ஒரு டின்னில் வடித்து மூடி, டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். பாய் கரியடுப்பை மூட்டினார். பத்தவைக்கிற இரும்பைக் காயப் போட்டார். ஈயம் ஒட்டுவதற்கு நவச்சாரக் கட்டியை எடுத்து வைத்தார். ஆட்டுக்கல்லில் இட்லி மாவு எடுக்க வந்த நான் இதைப் பார்த்தேன்.

"பாய்! நிறுத்துங்க! அந்த அடுப்ப மொதல்ல அங்குட்டுத் தள்ளுங்க!"

"ஏன் டீச்சரம்மா? பெட்ரோலு அம்புட்டும் வடிச்சாச்சு. இது வெறும் டப்பா. ஒண்ணுஞ் செய்யாது."

"நெறஞ்ச டேங்கவிட வடிச்ச டேங்குதான் பாய் பொல்லாதது. உள்ளுக்க ஆவி நிக்கிது. நெருப்புப் பட்டா நீங்க ஒரு பக்கம், டேங்கு ஒரு பக்கம்."

எங்கள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ பள்ளிக்கூடத்தக் கொல்லைக்கே கொண்டாந்துட்டா. பாய், நீங்க வேலையப் பாருங்க."

நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இடது புருவம் கிடையாது. இத்தனை வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

"பாய், அந்தப் புருவம் எங்க?"

பாய் கொஞ்சம் நெளிந்தார். "அது வந்து... ஒரு பெட்ரோல் டின்னு. பத்தவைக்கையில டப்புனுச்சு."

"அதுல பெட்ரோல் இருந்துச்சா?"

"இல்லம்மா. சுத்தமாக் காலி டின்னு."

சொல்லிவிட்டு டேங்கை ஒரு தடவை பார்த்தார். வலது புருவத்தைத் தடவிக்கொண்டார். பிறகு அடுப்பைத் தூக்கித் தெருவாசல் பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

"அப்பன்னா தண்ணி வேணும் டீச்சரம்மா. சோடா உப்புப் போட்டு ஒரு குடம், குலுக்கிக் கழுவ. நல்ல தண்ணி ஒரு குடம், அலச. அப்புறம் ஓட்டை மேல வர்ற மாதிரிச் சாச்சு நிறுத்தி, அதுக்கு ரெண்டு வெரல் கீழ வரைக்கும் தண்ணி நெப்பிட்டோம்னா ஆவிக்கு எடமே இருக்காது. அதுக்கு ஒரு மூணு கொடம்."

ஐந்து குடம். வீட்டில் இருந்தது ஏழு. அந்த ஏழும் கம்பத்துக்காரர்களுக்காக வாரம் முழுக்கச் சேர்த்தது. ஐந்து அண்டாவில், இரண்டு பித்தளைக் குடத்தில். நாங்கள் நான்கு பேரும் செவ்வாய்க்கிழமையிலிருந்து குளிக்கவில்லை. ஒரு சொம்பில் துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டோம். பாய் பேசியது காதில் விழுந்ததுமே மாமியார் உள்ளே போய் அண்டா மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நான் செத்தாலும் எந்திரிக்க மாட்டேன். சம்பந்தக்காரக வந்தா என்னத்தக் குடுப்ப? ஒன் பாடப் புஸ்தகத்தையா?"

"அத்த, பேசாம காரை விட்டுட்டுக் குதிரை வண்டி புடிச்சுக் கூட்டியாரட்டும்."

"கார்னு எழுதியாச்சு!" என்று கொல்லையிலிருந்து இவர் கத்தினார்.

அந்த மனிதரை எனக்குத் தெரியும். தண்ணீர் கொடுக்காவிட்டால் பாயை அனுப்பிவிட்டு, நான் மாவெடுக்கத் திரும்பிய நேரத்தில் தானே இரும்பைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மெழுகை நம்பிய ஆள் எதைத்தான் நம்பமாட்டார்! ஒரு பக்கம் கொழுந்தனின் கலியாணம். இன்னொரு பக்கம் இந்த மனிதரின் முகம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அத்த, ஒங்க மகனுக்குப் புருவம் வேணுமா, வேணாமா?"

அவர் என்னை முறைத்தார். வாசலில் நின்ற பாயின் முகத்தை எட்டிப் பார்த்தார். "சேசு மரி சூசை" என்று முனகிக்கொண்டே அண்டாவை விட்டு இறங்கினார். கொழுந்தன் குடத்தை எடுத்து மோந்து ஊற்றத் தொடங்கினான். அவன் பட்ட பாடெல்லாம் அந்தத் தண்ணீரில் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வேலை அருமையாக முடிந்தது. பாய் ஈயத்தை இழைத்து இழைத்து வைத்தார். ஒரு சொட்டுக் கசிவில்லை. "இந்தத் தண்ணிய எல்லாம் தெருவுல, அடுப்பு இல்லாத பக்கமாப் பாத்து ஊத்திருங்க" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்ய நான் கோயிலுக்குப் போய்விட்டேன். கடிதத்துப் பொய்யையும் அதற்கு நான் சிரித்ததையும் சாமியாரிடம் சொன்னேன். அடுத்த பாவம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் அழகாக ஓடிப்போய் அழகாகத் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா ஆறடி ஆள். வெள்ளை வேட்டி, பெரிய மீசை. அவருடைய அக்காவுக்குக் கழுத்து நிறையச் சங்கிலி. நான் உள்ளே மிச்சமிருந்த இரண்டு குடத்தில் நன்னாரி சர்பத் கலந்துகொண்டிருந்தேன். வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. அப்படி ஒரு தாராளமான குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதே இல்லை.

"நல்லா ஊத்திக் கால் கழுவுங்க. தண்ணிக்கென்ன பஞ்சம்! இன்னும் ஊத்துங்க!"

மாமியாருக்கு எங்கிருந்து தண்ணீர் கிடைத்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ராத்திரி குழாயில் வந்திருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று சமாதானம் செய்துகொண்டு, சர்பத் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

வீடு முழுக்க முந்தின நாளிலிருந்தே பெட்ரோல் வாசனைதான். மூக்கு பழகிப்போய் ஒன்றும் சொல்லவில்லை. கண்தான் சொன்னது. வாசலிலிருந்து நாற்காலிவரை சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். ஒவ்வொரு காலடியிலும் நீலமும் சிவப்புமாக வானவில். வாசலோரத்துக் கல்தொட்டியில் பலகை போட்டு மூடியிருந்தது. மாமியார் தன் வாழ்நாளில் ஒரு குடம் தண்ணீரைக்கூடக் கீழே கொட்டியவர் அல்ல. டேங்க் கழுவிய ஐந்து குடத்தையும், கால் கழுவ ஆகுமே என்று அந்தத் தொட்டியில் ஊற்றி, ஆவியாகாமல் மூடியும் வைத்திருக்கிறார்!

பெண்ணின் அப்பாவுக்கு முழங்கால்வரை வேட்டி நனைந்திருந்தது. கொழுந்தன் அவருக்கென்றே கம்பெனியிலிருந்து வாங்கிவந்த சுருட்டைத் தட்டில் வைத்து நீட்டியிருந்தான். அவர் அதை வாயில் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

எனக்குக் குரல் வரவில்லை. கை மட்டும் வந்தது. மூன்று டம்ளர் சர்பத்தையும் தட்டோடு அவர்மேல் கொட்டினேன்.

குச்சி அணைந்தது. மீசையிலிருந்து நன்னாரி சொட்டியது. அவருடைய அக்கா எழுந்து நின்றுவிட்டார். "என்ன குடும்பம்டா இது? எந்திரி, போவோம்!" கொழுந்தன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே போச்சு என்று நினைத்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? மளமளவென்று கொட்டிவிட்டேன்.

"ஐயா, நீங்க கால் கழுவுனது பெட்ரோல் டேங்க் கழுவுன தண்ணி. இந்த வீட்ல நல்ல தண்ணியே கெடையாது. இருந்த ஏழு கொடத்துல அஞ்சக் காருக்கு ஊத்திட்டோம். மிச்சம் ரெண்டு கொடம்... இந்தா ஒங்க சட்டையில இருக்கு. கடுதாசியில எழுதுனது பொய்யி. ஆனா இந்தப் புள்ள பொய் சொல்லத் தெரியாதவன்."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். வேட்டி நுனியைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"டேங்குல எதுக்குத்தாயி தண்ணி ஊத்துனீக?"

"பாய் ஈயம் பத்தவச்சாரு. காலியா இருந்தா வெடிச்சிரும்."

"அந்தப் பாய் இப்ப எங்க?"

"அவரு வீட்டுல."

"ரெண்டு கையும் இருக்கா?"

"ரெண்டு கையும் இருக்கு. புருவம் மட்டும் ஒண்ணுதான். அது முந்தியே போனது."

அவருடைய மீசை ஆடியது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவை உட்காரச் சொன்னார்.

"எங்க மில்லுல ஒரு காலி டீசல் பீப்பாயி. அடியில ஓட்டை. ஒருத்தன் பத்தவைக்க வந்தான். நாந்தேன் சீக்கிரம் முடிடான்னு வெரட்டுனேன். மில்லுக்குப் பின்னாடிதான் தாயி வாய்க்கா. வருசம் பூரா தண்ணி ஓடும். ஒரு கொடம் மோந்து ஊத்தலாம்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் தோணல. அவன் பொஞ்சாதி இன்னைக்கும் எங்க தெருவுலதான் இருக்கா. நான் தெருவச் சுத்திக்கிட்டுப் போறேன்."

அவர் சுருட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஈரத்தில் அது ஊறிக் குழைந்துபோனது. கொழுந்தனைப் பார்த்து, "ஏப்பா, ஆவணியில வச்சுக்கிருவமா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன்.

மாமியார் வாசலுக்குப் போய்ப் பலகையை எடுத்தார். சொம்பு சொம்பாக மோந்து, தெருவில் அடுப்பில்லாத பக்கம் பார்த்து, அந்தத் தொட்டித் தண்ணீர் அவ்வளவையும் கொட்டினார். அவர் தண்ணீரைக் கொட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.