புல்லுக்குள் ஓர் எழுத்து

காலை 9.10. மதுரையிலிருந்து ராஜபாளையம் வந்து, சங்கரன்கோவில் வண்டி மாறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடிதான் நகரவே இல்லை.

"கோயிலுக்கா அண்ணாச்சி?" என்றார் நடத்துனர்.

"இல்லப்பா. ஒருத்தர் வீட்டுல பழைய காமிக்ஸ் இருக்கு, பார்க்கப் போறேன்."

"பொம்மை புக்கு பாக்கவா இம்புட்டு தூரம் வாரீய!"

முன்சீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இளம் வயதில் ஒரு காமிக்ஸ் ஓவியரிடம் வேலை பார்த்தேன். முகங்களை அவர் வரைவார். குதிரை, பாறை, மழை, புல் எல்லாம் நான். அச்சில் பெயர் அவருக்கு மட்டும்தான். வயிற்றெரிச்சலில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தாள் விளிம்பை ஒட்டிய புல்லுக்குள் என் பெயரின் முதல் எழுத்தை ஒளித்து வைத்தேன். இப்போது அந்தப் படங்களுக்கு மதுரையில் கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு பக்கத்திலாவது எழுத்தைக் காட்டினால் என் பெயரையும் சேர்ப்பார்களாம். என்னிடம் ஒரு பிரதிகூடக் கிடையாது. நான் பார்த்த பிரதிகள் எல்லாம் பைண்டிங்கில் ஓரம் வெட்டுப்பட்டவை. வெட்டாத எட்டுப் புத்தகங்கள் சங்கரலிங்கம் என்பவரிடம் இருப்பதாகத் தெரிந்ததும் போன் செய்தேன். ரசிகன் என்று மட்டும் சொன்னேன். மற்றதை நேரில் சொல்லலாம் என்று ஒரு வீம்பு. போனிலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். புத்தி வரவில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் பாதி வண்டி காலியானது. 10.20க்கு சங்கரன்கோவில். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்தேன். நடந்தே போகிற தூரம்தான் என்று இறங்கிய பிறகு தெரிந்தது.

சங்கரலிங்கம் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சிவப்பு ரெக்சின் அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்தார்.

"தனித்தனியாத்தான் கிடந்துச்சு. மதுரையிலருந்து இதுக்குன்னே ஒருத்தர் வாராருன்னு போன வாரம் பைண்டிங் குடுத்தேன். ஓரமெல்லாம் எவ்வளவு சீரா வெட்டிருக்கான் பாருங்க."

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். குதிரையின் பின்னங்கால் ஒரே இழுப்பில் வந்திருந்தது, திருத்தமே இல்லை. ஈரம் குறைந்த தூரிகையில் இழுத்த மழை இன்னும் சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன், வேறு யார் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன். ஆனால் எட்டுப் புத்தகத்திலும் புல்லின் நுனி இருந்தது, அடி இல்லை.

"வெட்டுன துண்டெல்லாம்?"

"அது குப்பைதான? பைண்டிங் கடைக்காரன் அன்னைக்கே அள்ளிப் போட்டிருப்பான்." அவர் மழைப் பக்கத்தில் விரலை வைத்தார். "முகத்த விடுங்க, எல்லாரும் வரையுதாங்க. இந்த மழையப் பாருங்க. வெறும் கறுப்பு மையில ஈரத்தக் காட்டிருக்காரு மனுசன். இந்தக் கையக் கும்பிடணும்."

"அது நான் வரைஞ்சது" என்றேன்.

என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்குத எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் அண்ணாச்சி. எனக்கே சில நேரம் நாந்தான் வரைஞ்சேனோன்னு இருக்கும்."

காட்ட எழுத்து இல்லை; புத்தகத்தை மூடி வைத்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார். பசிக்கவில்லை என்று கிளம்பிவிட்டேன்.

12.15 வண்டி. என் மழையை இவ்வளவு சரியாகப் பார்த்தவர் இத்தனை வருடத்தில் வேறு யாருமில்லை. என் வீட்டிலும் இல்லை. மதுரை வரை அந்த மனிதரைத்தான் திட்டிக்கொண்டே வந்தேன்.