சலங்கைச் சத்தம் எங்கே போனது?

போன ஞாயிறு மத்தியானம் என் பழைய ஆம்ப்ளிஃபயர் மூடி கழன்று ஹாலில் கிடந்தது. பக்கத்தில் ஜமால் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயிலிருந்து லீவில் வந்தால் ஊரில் ஒரு பாட்டுப் பெட்டியையும் பிரிக்காமல் விடமாட்டார்.

வரவழைத்தது நான்தான். சில மாதங்களாகப் பாட்டில் சலங்கைச் சத்தம் காணோம். 'ச'வும் 'ஸ்'ஸும் கம்பளிக்குள்ளிருந்து வருகின்றன. பழுது பெட்டியில்தான்... வேறு எங்கே இருக்கும்?

"இதுல இருக்கற ஆப்-ஆம்ப் மட்டம் மாப்ள" என்றார் பாய்.

எட்டுக் கால் வைத்த கறுப்புப் பூச்சி மாதிரி ஒரு சில்லு. பாட்டின் மெலிந்த சிக்னலை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது அதுதானாம். சாக்கெட்டில் செருகியது, சால்டரிங் இல்லாமலே கழற்றி மாட்டலாம்.

"தலைகீழாச் செருகிட்டா?" என்றேன்.

"பொகை வரும். ஒன் கவிதைய விட நல்லாருக்கும்."

புதியதைச் செருகினார். பாட்டு ஓடியது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க இது! பாடுறவ மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது!"

எந்த மூச்சு? எனக்கு அதே கம்பளி.

"ஆகா... பிரமாதம்" என்றேன்.

பாய் என்னையே பார்த்தார். பவரை அணைத்து, எனக்கு முதுகு காட்டிக் குனிந்து ஏதோ செய்தார். மறுபடி பாட்டு.

"இப்ப?"

"இன்னும் தெளிவு பாய்!"

மனைவி முகத்தைச் சுளித்தாள். பாய் உள்ளங்கையை விரித்தார். புதுச் சில்லு அங்கே கிடந்தது. பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது பழையது!

தெருவில் சிமெண்ட் லாரி வருவதை எப்போதிருந்து நான் ஜன்னல் கண்ணாடி நடுங்குவதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்? மனைவி கத்துவதையெல்லாம் கோபம் என்றல்லவா நினைத்தேன்? ஓசையைத் தின்று எழுதுகிறவன் நான். குழாய் சொட்டுவது, பல்லி, கொலுசு... எதெல்லாம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டதோ! போனது தெரிந்தால்தானே தேடுவதற்கு?

நமக்கெல்லாம் பழுது எப்போதும் பெட்டியில்தான் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கத்தான் ஆள் கிடைக்கிறார்கள்.

பாய் கேலி செய்யவில்லை — அதுதான் அதிகம் பயமாக இருந்தது. மூடியை மாட்டியபடி, தலை நிமிராமல் ஏதோ சொன்னார். தாடி அசைந்தது மட்டும் தெரிந்தது.

மனைவி என் பக்கம் குனிந்து, சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்:

"காலையில பெரம்பலூரு போயி காது டாக்டரப் பாக்கணுமாம். பாயும் கூட வராராம். காதுக்கு சாக்கெட் கெடையாதாங்க."