ராட்டினத்தில் காது மெஷின் இல்லாமல்

எழுதப் பழகிய கையில்லை இது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்படி என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போய்விட்டது. தோட்டத்தை விட்டு ஈப்போ நகரத்துக்கு வந்த பிறகுதான் காது மெஷின் கிடைத்தது. சிகரெட் பெட்டி அளவு இருக்கும். அதை ரவிக்கைக்குள் வைத்து, ஒயரைக் கூந்தலுக்குள் மறைத்துக் காதுக்குக் கொண்டுபோவேன்.

எண்பதுகளின் தொடக்கம். என்னைப் பெண் பார்க்க சித்தியவான் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கம் பேசும் என்று, ராட்டினமும் கடைகளுமாக ஊருக்கு வந்திருந்த ஃபன் ஃபேரில் சந்திக்க ஏற்பாடு. என் காதைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அங்கே மெஷினில் எல்லாம் ஒரே இரைச்சல். ஜெனரேட்டர் என் தலைக்குள்ளேயே ஓடியது. அண்ணி என்னை ஓரமாக இழுத்தார்.

"அந்தப் பெட்டியக் குடு. கல்யாணம் முடிஞ்சு மாட்டிக்கலாம்லா."

"அவர் பேசுறது தெரியாதே அண்ணி."

"வாயப் பாத்துத் தலையாட்டு. உங்க அண்ணனுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது கேக்குதா என்ன?"

மெஷின் அண்ணியின் பைக்குள் போனது. என்னையும் மாப்பிள்ளையையும் ராட்டினத்தில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கு அடர்ந்த மீசை. உதடு பாதிதான் தெரிந்தது. அவர் பேசப் பேசத் தலையாட்டினேன். எதற்கு ஆம் சொல்கிறேன் என்றே தெரியவில்லை.

உச்சிக்குப் போனபோது விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. நாங்கள் உட்கார்ந்திருந்த பெட்டி ஆடி நின்றது.

இருட்டில் எனக்கு உலகமே இல்லை. கீழே டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஓடியது. அவர் என் தோளைத் தொட்டு உலுக்கினார். முகத்தில் மூச்சுக்காற்று பட்டது. ஏதோ சொல்கிறார். கம்பி அறுந்துவிட்டதா? குதிக்கச் சொல்கிறாரா? மறுபடியும் உலுக்கினார். தலையாட்டவும் பயம், ஆட்டாமல் இருக்கவும் பயம்.

"எனக்குக் காது கேக்காது!" என்றேன்.

அவர் கை விலகியது. பிறகு தீக்குச்சி உரசினார். காற்றில் இரண்டு அணைந்தன. மூன்றாவதைத் தன் வாய்க்கு அருகில் பிடித்து, மீசையை விரலால் ஒதுக்கி, மெதுவாகச் சொன்னார்: "கரண்டு போச்சு. கம்பியப் புடிச்சுக்குங்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விளக்கு வந்து கீழே இறங்கும்வரை விடவில்லை.

அண்ணி மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். மாட்டியதும் முதலில் கேட்டது அண்ணியின் குரல்தான்.

"நீ கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சு. அவங்கம்மா என் பக்கத்துலதான் நின்னாங்க."

மறுநாள் காலை மாப்பிள்ளையின் மாமா வந்து, வீட்டில் சம்மதமில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன்.